உடம்பில் தங்கிய செம்பு

போன மாதம் இளம் மருத்துவர்கள் சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் மூளை நோய்களில் ஆராய்ச்சி செய்கிறவர். "இப்ப ஒரு சொட்டு ரத்தம் இருந்தா போதும் மேடம், மரபணுவையே படிச்சிடறோம். உங்க காலத்துல எதை வச்சு மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் கழுவித்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு, சிரித்தவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அந்தப் பதில்தான் இது.

நான் திண்டுக்கல்காரி. அப்பா சுருட்டுக் கம்பெனியில் மேஸ்திரி. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரிக்கு அடிக்கடி வலிப்பு வரும். வந்தவுடன் யாராவது ஓடிப் போய் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணிப்பார்கள். பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் சாவிக்குப் பஞ்சமில்லை. வலிப்பு தானாக நிற்கும், பெயர் சாவிக்குப் போகும். அந்த நேரத்தில் அவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆசிரியையிடம் கேட்டேன். "ஜெபம் பண்ணு" என்றார். பண்ணினேன். கேள்வி போகவில்லை.

பிறகு சென்னையில் மருத்துவப் படிப்பு, அதற்கு மேல் நோய்க்கூறியல். மூளையைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொண்ணு பாக்க வாரவுகட்ட என்னன்னு சொல்லுறது எஸ்தரு? மண்டைய அறுக்குற வேலை பாக்குறான்னா?" அப்பா மட்டும், "அறுக்கத் தெரிஞ்சா தைக்கவும் தெரியும்ல, விடு" என்றார். ஐம்பதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தேன்.

பிரிவின் தலைவர் டாக்டர் சம்பந்தம். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியதே இல்லை. மூன்று வயதுக் குழந்தையையும் "வாங்க, உக்காருங்க" என்பார். நோயாளியின் வீட்டார் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். மேலதிகாரிகள் வந்தால் உட்கார்ந்தபடியே பேசுவார். தான் பயன்படுத்தும் கண்ணாடிக் குழாய்களைத் தானே கழுவுவார். முதல் வாரம் முழுவதும் எனக்கும் அந்த வேலைதான். சோப்பு, குழாய்த் தண்ணீர், பிறகு நைட்ரிக் அமிலத்தில் ஊறல், பிறகு வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசல். "படிச்சது இதுக்கா சார்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அடுத்தவங்க கழுவினா அடுத்தவங்களோட முடிவுதான் வரும்மா" என்றார்.

எது சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி திரும்பி வரும். "நீங்க பாத்தீங்களா, படிச்சீங்களா?" இரண்டையும் கலந்து பேசினால் அவருக்குப் பிடிக்காது.

சமவெளிக் கிராமங்களில் என்னென்ன மூளை நோய்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்காக அவர் திண்டுக்கல்லில் ஒரு கிளை அறை போட்டார். ஊர்க்காரி என்று என்னை அனுப்பினார். பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரி சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு மேலே மாடி அறை. கீழே பச்சைத்தோல் வாசம், மேலே ஃபார்மலின் வாசம். வீட்டுக்காரர் பாய் படியேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார்: "இம்புட்டு நாளா என் தோல் நாத்தத்துக்குத் தெருவே வைஞ்சுச்சும்மா. நீங்க வந்த பெறகு அல்லாவோட கிருபை, யாரும் என்னைய வையுறதில்ல."

அந்த அறைக்குத்தான் பெருமாள் தன் மகன் முருகேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்ச நிலத்தில் மல்லிகை, மிச்சத்தில் தக்காளி. பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வாய் திறந்தபடி, பல் தெரிய, ஒரே மாதிரியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எச்சில் வடிந்தது. கையை நீட்டச் சொன்னால் இரண்டு கைகளும் பறவைச் சிறகு போல அடித்துக்கொண்டன. பேச முயன்றான், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் நான் சொன்ன எல்லாவற்றையும் அவன் புரிந்துகொண்டான் என்பது கண்ணில் தெரிந்தது.

"ஒண்ணரை வருசத்துக்கு முன்ன வரைக்கும் நல்லா ஓடியாடுன பய தாயி" என்றார் பெருமாள். "மொதல்ல கைதான் நடுங்குச்சு. பூ எடுக்கப் போனா மொட்ட நசுக்கிப்புடுவான். பெறகு பள்ளிக்கொடத்துல எழுத்து கோணுதுன்னு வாத்தியாரு அனுப்பிட்டாரு. பேயி புடிச்சிருக்குன்னு கோயில் கோயிலா இழுத்துட்டு அலைஞ்சோம்."

பெருமாளின் மனைவி செல்லத்தாயி கதவோரம் நின்றிருந்தாள். அவள் அவருடைய சொந்த அக்கா மகள்.

பையனின் கண்ணில் பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சத்தைப் பிடித்தேன். கருவிழியின் ஓரத்தில், மேலும் கீழும், ஒரு வளையம். பழுப்பும் பச்சையுமாக, களிம்பேறிய பித்தளைத் தட்டின் விளிம்பு போல இருந்தது. புத்தகத்தில் மட்டும் அறிந்த ஒன்று. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் எப்போதும் துளியளவு செம்பு இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு அப்படித் தள்ளத் தெரியாது. செம்பு முதலில் ஈரலில் சேரும், பிறகு மூளையில், கண்ணில்.

மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பாத்தீங்களா, படிச்சீங்களா?" என்றார் டாக்டர் சம்பந்தம். "பாத்தேன் சார்." "நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார். மத்தியான பஸ்ஸில் வந்து சேர்ந்து, தானும் அந்தக் கண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பையனின் எச்சிலைத் தன் கைக்குட்டையால் துடைத்து, "சிரமமா இருக்கா தம்பி? தெரியுதுப்பா" என்றார். முருகேசனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

அப்போது எங்களிடம் இருந்தது எண்ணெயில் கரைத்த ஓர் ஊசி மருந்து மட்டும். செம்பைக் கொஞ்சம் வெளியேற்றும். போடுமிடம் கட்டிக்கொண்டு உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் போட்டோம். காலம் கடந்திருந்தது. விழுங்க முடியாமல் கஞ்சி நுரையீரலுக்குள் போய், நிமோனியா கண்டு, சில வாரங்களில் அவன் போய்விட்டான்.

செய்தி கேட்டு டாக்டர் வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "மூளையைப் பாக்கணும் எஸ்தர். நீங்கதான் கேக்கணும். அவங்க நம்பி வந்தது உங்களை" என்றார்.

என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வாக்கியத்தை நான் பேசியதில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெருமாளின் முன்னால் நானும் தரையில் உட்கார்ந்தேன். பையனின் தலைக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும், அதற்குத் தலையைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன்.

"தொறந்தா, எம்புள்ளைய மொகம் பாத்து அடக்கம் பண்ண முடியுமா தாயி?"

"முடியும்ணே. முடிக்கு அடியில, பின்பக்கமாத்தான் திறப்போம். வெளிய ஒண்ணும் தெரியாதபடி தைச்சுக் குடுத்துருவோம்."

"தைக்கிறது யாரு?"

"நான்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்தியபடி தலையை மட்டும் அசைத்தாள். "அப்பச் சரி" என்றார் பெருமாள்.

நான் தைத்தேன். இந்தக் காதின் பின்னாலிருந்து அந்தக் காதின் பின்னால் வரை, நெருக்கமாக, என் கல்யாணப் புடவைக்கு ஓரம் தைத்தால்கூட அவ்வளவு கவனமாகத் தைத்திருக்க மாட்டேன். டாக்டர் தண்ணீர் ஊற்ற, பையனின் தலையை அலசித் துவட்டி, வகிடு எடுத்து வாரிவிட்டோம். செல்லத்தாயி வந்து அவன் தலையைத் தடவிப் பார்த்தாள்.

மூளையை எடுத்தவுடன் வெட்ட முடியாது. வெண்ணெய் போலக் குழையும். அடிப்பக்க ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலைக் கோத்து, ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வாளியின் அடியில் பட்டால் வடிவம் கெடும். திரவத்தை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் காத்திருந்தால் அவித்த முட்டை போல இறுகும். மதுரையில் அதை வெட்டும் நாளன்று, எங்கிருந்து கேட்டறிந்தாரோ, பெருமாள் வாசலில் வந்து நின்றார்.

"நான் பாக்கணும்" என்றார்.

நான் பதறினேன். டாக்டர் எழுந்து நின்று, "வாங்க" என்று உள்ளே கூட்டிப் போனார். வெள்ளை எனாமல் தட்டில் வில்லைகள் வரிசையாக இருந்தன. நடு வில்லையில், இடமும் வலமும், நன்றாக இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பகுதி பழுப்பேறிச் சுருங்கி, துவரம்பருப்பு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"எல்லாருக்கும் இப்புடித்தான் இருக்குமா?"

டாக்டர் ஒரு ஜாடியிலிருந்து வேறொரு வில்லையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் ஓட்டை இல்லை. பெருமாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொட்ட நசுக்குறான்னு அவன வரப்புல வச்சு அடிச்சேன்யா. வேணுமின்னே பண்ணுறான்னு நெனச்சேன்."

"வேணும்னு பண்ணலைங்க. கைக்கு உத்தரவு போற இடம் இதுதான். அது போயிருச்சு."

"அடிக்கையில சிரிச்சானே?"

"அது சிரிப்பில்லைங்க. முகத்துல தசை இழுத்துப் பிடிச்சது. உள்ள அழுதுகிட்டுத்தான் இருந்திருக்கார் பையன்."

பெருமாள் தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். அழுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "சின்னவ ஒருத்தி இருக்கா. தங்கம். ஒம்போது வயசு. அவளையும் பாக்குறீகளா?" என்றார்.

நாங்கள் அவரிடம் சொல்வதற்குத் தயங்கிக்கொண்டிருந்ததை அவரே சொல்லிவிட்டார். இந்த நோய் உடன்பிறந்தவர்களுக்கு வரக்கூடியது.

தங்கம் வந்தாள். ஒரு குறையும் இல்லை. கை நடுக்கம் இல்லை, கண்ணில் வளையம் இல்லை. வாய் ஓயாமல் பேசினாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். பேகம்பூர் அறையிலேயே ரத்தம் எடுத்துச் சோதித்தோம். நல்ல ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் ஒரு புரதம் உண்டு; இந்த நோய் உள்ளவர்களிடம் அது இருக்காது. தெளிந்த ரத்தநீரில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து உடம்புச் சூட்டில் வைத்தால், அந்தப் புரதம் இருக்கிற குழாய் நாவல்பழ நிறமாக மாறும். என் ரத்தம், பெருமாள், செல்லத்தாயி, தங்கம் என்று நான்கு குழாய்களை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்தினேன். பெற்றோர் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். என் குழாய் முதலில் கறுத்தது. அவர்கள் இருவருடையதும் மெதுவாக, சற்று வெளிறிய ஊதாவாயின. தங்கத்தின் குழாய் நிறமே மாறாமல் நின்றது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செல்லத்தாயிதான் கேட்டாள்: "எங்க வீட்டுல செம்புத் தவலைலதான் தண்ணி. பித்தளைச் சட்டிலதான் கொழம்பு. என் கையால ஆக்கிப் போட்டுத்தான் எம்புள்ள செத்தானா?"

டாக்டர் எழுந்து நின்றார். "அம்மா, அந்தச் செம்பு எங்க வீட்டுலயும் இருக்கு. ஊர்ல எல்லார் வீட்டுலயும் இருக்கு. உங்க கை எதுவும் பண்ணலை. ஆளுக்குப் பாதிக் குறை உங்க ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே இருந்திருக்கு. பாதியா இருந்தா ஒண்ணும் பண்ணாது. ரெண்டு பாதியும் ஒரு குழந்தைக்கிட்ட சேந்துட்டா இப்படி ஆகும். யாருக்கும் தெரிய வழியில்ல." அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால் அடுத்த முறை நான் போனபோது வீட்டில் எல்லாம் மண்சட்டியாகவும் எவர்சில்வராகவும் மாறியிருந்தன.

டாக்டருக்கு ஒரு சோதனை போதாது. "குழந்தை நல்லா இருக்கு. வாழ்நாள் முழுக்க மருந்து குடுக்கப் போறோம். சிறுநீர்லயும் செம்பைப் பாத்துடணும்" என்றார். ஒரு பகல், ஓர் இரவுச் சிறுநீர் முழுவதும் வேண்டும். அமிலத்தில் ஊறிய புட்டிகளைக் கொடுத்தனுப்பினேன். வந்த முடிவைப் பார்த்து டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "இவ்வளவு செம்பு இருந்தா இந்தப் பொண்ணைக் கடையில எடைக்குப் போடலாம்." விசாரித்தால், டாக்டரம்மா கொடுத்த புட்டி மங்கலாக இருக்கிறதே என்று புளி போட்டு விளக்கி, சமையலிலிருந்து ஒதுக்கிய பித்தளைச் சொம்பில் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள்.

இந்த முறை நானே போய் அவர்கள் வீட்டில் தங்கினேன். தங்கம் என்னை விட்டு நகரவில்லை. "இத எதுக்கு அம்புட்டுத் தூரம் தூக்கிட்டுப் போறீக? எங்க ஊருல கொட்டுறதுக்கு எடமா இல்ல?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். திரும்பும்போது வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் புட்டிகளைப் பார்த்து, "என்னம்மா, நல்லெண்ணெயா? லக்கேஜ் போடணும்ல" என்றார். "மருந்துண்ணே" என்றேன். மடியிலிருந்து இறக்காமல் மதுரை வரை கொண்டுபோனேன். முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. செம்பு கூடுதல்தான்.

பெனிசிலமின் என்ற மாத்திரை அப்போதுதான் வெளிநாடுகளில் பழக்கத்துக்கு வந்திருந்தது. டாக்டர் தன்னோடு படித்த ஒருவர் மூலமாக வரவழைத்தார். தங்கம் விழுங்கத் தொடங்கினாள். இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியது. பெருமாள் பேகம்பூர் மாடியேறி வந்தார். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"துள்ளிக்கிட்டுத் திரிஞ்ச புள்ளையப் படுக்க வச்சுட்டீக. நோயி வரும் வரும்னீக. வந்துச்சா? வரவே இல்ல. உங்க மருந்துதான் வந்துருக்கு. இனி ஒண்ணும் வேணாம் தாயி. கும்புடுறேன், விட்டுருங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கும் குழந்தையை, இனிமேல் வரப்போகும் ஒன்றுக்காக நோயாளி ஆக்குவது சரியா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர், "நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போவோம்" என்றார்.

போனோம். மருந்தை நிறுத்தியதில் காய்ச்சல் இறங்கியிருந்தது. பெருமாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் பாயில் உட்கார்ந்து, "காய்ச்சல் இந்த மருந்தாலதான் வந்துச்சு. நீங்க சொன்னது சரி" என்றார். பெருமாள் அதை எதிர்பார்க்கவில்லை. "இனிமே ரொம்பக் கம்மியா, துணுக்கு அளவுல ஆரம்பிச்சு, தடிப்பை அடக்குற மருந்தும் சேத்துக் குடுத்துப் பாக்கலாம். நானே பக்கத்துல இருந்து குடுக்கறேன். திரும்பக் காய்ச்சல் வந்தா நிறுத்திடுவோம். வேணாம்னு சொன்னா எழுந்து போயிடறேன். முடிவு உங்களோடது."

செல்லத்தாயி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். எல்லா நாட்களிலும் கணவர் பேசி முடிக்கக் காத்திருந்தவள் அன்று காத்திருக்கவில்லை.

"அந்தக் கொழாய நான் பாத்தேன். எல்லாருக்கும் நெறம் வந்துச்சு, எம்மகளுக்கு வரல. பெரியவனும் நல்லாத்தான இருந்தான், அப்புறந்தான வந்துச்சு? நீங்க குடுங்கய்யா." பிறகு கணவரைப் பார்த்து, "நீரு செத்த நேரம் வெளிய போயி உக்காரும்" என்றாள்.

டாக்டர் மாத்திரையின் பொடியைத் தானே நிறுத்துக் கொண்டுவந்திருந்தார். தேனில் குழைத்துக் கொடுத்தார். அன்று முழுவதும் அந்த வீட்டிலேயே இருந்தோம். கத்தரிக்காய் வெஞ்சனத்தோடு சோறு போட்டார்கள். அவர் தங்கத்தோடு பல்லாங்குழி ஆடித் தோற்றுக்கொண்டே, நடுநடுவே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாயங்காலம் நாங்கள் கிளம்பியபோது பெருமாள் பஸ் வரும் ரோடு வரை வந்து, ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகை மொட்டுகளை என் கையில் வைத்தார்.

மெல்ல மெல்ல அளவைக் கூட்டினோம். சிறுநீரில் செம்பு முதலில் ஏகமாக இறங்கியது, பிறகு குறைந்தது. தங்கத்தின் கண்ணில் வளையம் வரவே இல்லை. அண்ணனுக்கு நோய் தொடங்கிய வயது வந்தது, கடந்தது. நான் அதன் பிறகு எத்தனையோ மூளைகளைப் பார்த்திருக்கிறேன், கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னை ஆராய்ச்சியாளராக்கியது அந்தக் குடும்பம். இறந்த பிள்ளையை எங்களிடம் கொடுத்தார்கள், இருந்த பிள்ளையையும் கொடுத்தார்கள். நாங்கள் அதற்கு என்ன செய்துவிட்டோம் என்று இன்றும் நினைப்பதுண்டு. செல்லத்தாயியின் தம்பி தங்கத்தைப் பெண் கேட்டு வந்தபோது, "சொந்தத்துல வேணாம்ப்பா" என்று சொல்லி அனுப்பப் பெருமாளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். தம்பி வீட்டோடு பல வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அறுபதுகளின் கடைசியில், வத்தலக்குண்டில் தங்கத்தின் பள்ளி ஆண்டு விழாவுக்கு டாக்டரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். அவள் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தாள். மேடையில் அதை மறுபடி பேசினாள். என்ன தலைப்பு என்று எனக்கு நினைவில்லை. ழகரம் சரியாக வருகிறதா, சகரம் குழறுகிறதா, மூச்சு எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த நோய் நாக்கைத்தான் முன்னதாகப் பிடிக்கும். பக்கத்தில் டாக்டர் கண்ணை மூடி அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

பெருமாள் பின்வரிசையிலிருந்து குனிந்து, "நல்லாப் பேசுறாளா தாயி?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாப் பேசுறாண்ணே."

"வீட்டுல இதவிடப் பேசுவா. காது வலிக்கும்."

டாக்டர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பெருமாளும் செல்லத்தாயியும் இல்லை. தங்கம் ஆயக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். மருந்தை ஒருநாளும் விட்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை எனக்குப் போன் பண்ணுவாள். கொய்யா விலை, மருமகளின் சமையல், முழங்கால் வலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். என் வீட்டில் உள்ளவர்கள், அந்த அம்மா உங்களைப் பேசவே விடுவதில்லையே என்பார்கள்.

நான் ஒருமுறைகூடக் குறுக்கே பேசியதில்லை.